ரிமார்க்ஸ் காலத்தில் குடும்பம் நடத்தாதீர்கள்

இந்தப் பதிவு நம் வீட்டுப் பொட்டி தட்டும் பிள்ளைகளுக்கு. பெங்களூர், புனே, ஹைதராபாத், நொய்டா என்று ஊர் ஊராக உட்கார்ந்து அடுத்தவர்களின் கணக்கு வழக்குக்குப் புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கிறார்களே, அவர்களுக்கு. அவர்களைப் பெற்றவர்களும் தாராளமாகப் படிக்கலாம். ஏனென்றால் இவர்கள் செய்யும் கூத்தின் பலன் கடைசியில் வந்து விழுவது கவுன்ட்டருக்கு வெளியே வரிசையில் நிற்கும் நம் தலையில்தான்.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கேட்கவேண்டாம். நான் பி.காம். மும்பையில் வங்கி உத்தியோகம், ஆண்டுகள் பல ஆகிவிட்டன. புது மென்பொருள் வரும்போதெல்லாம் 'பயன்படுத்துபவர் சோதனை' என்று கிளைகளிலிருந்து நாலு பேரைப் பிடித்து உட்காரவைப்பார்கள். அந்த நாலில் பெரும்பாலும் நான் ஒருவன். எக்செல் போதாமல் போனபோது பைதான் கற்றுக்கொண்டேன். கணினி அறிவியல் பட்டம் கிடையாது. ஆனால் ஒரு படிவத்தில் ஒரு கட்டம் விட்டுப்போனால் என்ன நடக்கும் என்பது உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இன்றைய சண்டை டைனமிக் பிராப்பர்ட்டியோடு.

பெற்றோர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங்கில் 'கிளாஸ்' என்பது அச்சடித்த படிவம் மாதிரி. 'ஆப்ஜெக்ட்' என்பது நிரப்பிய ஒரு படிவம். 'பிராப்பர்ட்டி' என்பது அதிலுள்ள ஒரு கட்டம்: பெயர், பிறந்த தேதி, நாமினி இப்படி. ஜாவா மாதிரி மொழிகளில் அச்சடித்த கட்டத்தில் மட்டும்தான் எழுதலாம். பைதான், ஜாவாஸ்கிரிப்ட் போன்ற மொழிகளில், படிவத்தில் இல்லாத கட்டத்தையும் புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேனாவால் வரைந்து சேர்த்துக்கொள்ளலாம். அதுதான் டைனமிக் பிராப்பர்ட்டி. சுருக்கமாகச் சொன்னால், படிவத்தின் ஓரத்தில் கிறுக்குவது.

ஓரத்தில் கிறுக்குவதே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் லெட்ஜரிலும் ரிமார்க்ஸ் காலம் இருந்தது. அதற்கு ஒரு வேலையும் இருந்தது. ஆனால் 'எங்கள் கிளாஸ் எல்லாமே டைனமிக், எதை வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் சேர்த்துக்கலாம்' என்று பெருமை பேசுகிறார்கள் பாருங்கள், அவர்களோடுதான் என் வழக்கு. நான் சொல்ல வருவது ஒரே ஒரு விதி:

எதை வைத்து உங்கள் புரோகிராம் ஒரு முடிவு எடுக்கிறதோ, அதற்கு அச்சடித்த கட்டம் இருக்கவேண்டும். எதை வெறுமனே சுமந்துகொண்டு போய்க் காட்டுகிறதோ, அதை மட்டும் பையில் போடுங்கள்.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒரு நெடில் போதும்

பைதான் 3 தமிழ் எழுத்துகளில் பெயர் வைத்தாலும் ஏற்றுக்கொள்ளும் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். 'கணக்கு' என்று ஒரு கிளாஸ். அதில் 'நாமினி' என்று ஒரு பிராப்பர்ட்டி, ஆரம்பத்தில் காலி. ஒரு புரோகிராமர் ஒழுங்காக இப்படி எழுதுகிறார்:

கணக்கு.நாமினி = "மீனாட்சி"

இன்னொரு கோப்பில், இன்னொரு ஊரில், ராத்திரி பதினொரு மணிக்கு, இன்னொருவர் எழுதுகிறார்:

கணக்கு.நாமினீ = "மீனாட்சி"

குறில் நெடிலாகிவிட்டது. பைதான் என்ன செய்யும்? ஒன்றும் சொல்லாது. 'ஓ, புதுக் கட்டமா, சரி' என்று 'நாமினீ' என்று ஒன்றை வரைந்து அதில் மீனாட்சியை உட்காரவைக்கும். உண்மையான 'நாமினி' கட்டம் காலியாகவே இருக்கும். சேமித்தாகிவிட்டது என்று பச்சைக் கலரில் செய்தி வரும். கவுன்ட்டரில் இருப்பவரும் 'ஆயிடுச்சும்மா, போங்க' என்பார்.

இது தப்பு என்று எப்போது தெரியும்? கணக்கு வைத்திருந்தவர் இறந்த பிறகு. மனைவி இறப்புச் சான்றிதழோடு வந்து நிற்கும்போது கம்ப்யூட்டர் 'நாமினி இல்லை' என்று காட்டும். நாமினி இருந்தால் அடையாளம் சரிபார்த்துப் பணத்தைக் கொடுத்துவிடலாம். இல்லையென்றால் வாரிசு யார் யார், அவர்கள் எல்லோரும் சம்மதிக்கிறார்களா, இண்டெம்னிட்டி பத்திரம், ஜாமீன் என்று அலைச்சல் ஆரம்பிக்கும். ஊரைவிட்டு வந்த குடும்பத்துக்கு இது இரட்டை அலைச்சல். வாரிசுச் சான்றிதழுக்குத் திருநெல்வேலி தாலுகா ஆபீஸ், கிளெய்முக்கு மும்பைக் கிளை என்று ரயிலில் போய் வரவேண்டும். காரணம், ஒரு நெடில்.

இதே தப்பை ஜாவாவில் செய்தால் கம்பைலர் அங்கேயே கையைப் பிடித்துவிடும். 'அப்படி ஒரு கட்டமே இல்லையே' என்று புரோகிராமை உருவாக்கவே விடாது. ராத்திரி பதினொரு மணிக்கு அந்தப் பையன் தலையில் அடித்துக்கொண்டு திருத்திவிட்டுப் போய்த் தூங்குவான். பத்து வருஷம் கழித்து ஒரு அம்மா அழவேண்டியதில்லை.

ஜாவாஸ்கிரிப்டில் இன்னொரு படி மேலே. எழுதும்போது மட்டுமல்ல, இல்லாத பிராப்பர்ட்டியைப் படிக்கும்போதும் அது பிழை என்று சொல்லாது. 'அன்டிஃபைன்ட்' என்று ஒரு மதிப்பைக் கையில் கொடுத்து அனுப்பிவிடும். கேட்ட ரிஜிஸ்டர் இல்லை என்று சொல்லாமல் வெள்ளைத்தாளை நீட்டும் குமாஸ்தா மாதிரி.

'டெஸ்ட் எழுதினால் போதும் சார்'

இதுதான் முதல் எதிர்வாதம். சரி, யோசித்துப் பார்ப்போம். டெஸ்ட் எழுதுகிறவர் தனக்குத் தெரிந்த பெயரைத்தான் சோதிப்பார். 'நாமினி' சரியாக வருகிறதா என்று பார்ப்பார். 'நாமினீ' என்று எங்கேயாவது ஒன்று முளைத்திருக்கிறதா என்று யார் தேடுவார்கள்? ஆடிட்டில் இதை நாங்கள் முதல் வருஷமே கற்றுக்கொள்கிறோம். வவுச்சரில் இருப்பதைச் சரிபார்ப்பது சுலபம். வவுச்சரே போடாமல் விட்டதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். கட்டங்களை அச்சடித்து வைத்தால் அந்தக் கஷ்டமான வேலையை மொழியே செய்துவிடுகிறது. வேண்டாம் என்று சொல்ல என்ன காரணம்?

'தேவைகள் மாறிக்கொண்டே இருக்கும்'

இரண்டாவது எதிர்வாதம். 'இன்றைக்கு ஒன்று கேட்பார்கள், நாளைக்கு ஒன்று கேட்பார்கள், அதனால் திறந்தே வைத்திருக்கிறோம்.' இதற்கு நம் கண் முன்னாலேயே நடந்த ஓர் உதாரணம் இருக்கிறது.

டெபாசிட்டுக்கு ஒரே ஒரு நாமினி என்பதுதான் வெகுகாலமாக விதி. வங்கிச் சட்டத் திருத்தத்தின்படி 2025 நவம்பர் 1 முதல் நாலு பேர் வரை போடலாம். டெபாசிட் கணக்கில் இரண்டு விதம். ஒரே நேரத்தில் பலர் என்றால் ஆளுக்கு எத்தனை சதவீதம் என்று குறிப்பிடவேண்டும், கூட்டினால் 100 வரவேண்டும். இல்லையென்றால் ஒருவருக்குப் பின் ஒருவர் என்று வரிசை. லாக்கருக்கு இந்த வரிசை முறை மட்டும்தான்.

பார்த்தீர்களா, தேவை மாறிவிட்டது! 'அன்றைக்கே டைனமிக்காக வைத்திருந்தால் நாமினி2, நாமினி3 என்று சேர்த்துக்கொண்டே போயிருக்கலாமே' என்று நம் பையன் குதிப்பான்.

கொஞ்சம் நில்லுங்கள் தம்பி. நாமினி2 என்று ஒருவர் சேர்ப்பார். நாமினி_இரண்டு என்று இன்னொருவர் சேர்ப்பார். கூட்டுத்தொகை 100 வருகிறதா என்று எது பார்க்கும்? ஐந்தாவதாக ஒன்று சேர்ந்தால் எது தடுக்கும்? லாக்கருக்குச் சதவீதம் போட்டால் எது கேட்கும்? இந்தச் சட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு வார்த்தையும் ஒரு கட்டுப்பாடு. கட்டுப்பாட்டை எழுதிவைக்க ஓர் இடம் வேண்டும். அந்த இடம்தான் கிளாஸ்.

சரியான வழி என்ன? 'நாமினி' என்று தனியாக ஒரு கிளாஸ்: பெயர், உறவு, பிறந்த தேதி, பங்கு. கணக்கில் 'நாமினிகள்' என்று ஒரு பட்டியல், உச்சவரம்பு நாலு. 'முறை' என்று ஒரு கட்டம்: சேர்ந்தா, வரிசையா. இதற்கு ஒரு நாள் உட்கார்ந்து யோசிக்கவேண்டும். அந்த ஒரு நாளை மிச்சம் பிடிக்கத்தான் 'திறந்தே வைத்திருக்கிறோம்' என்கிறார்கள். அவர்களுக்கு மிச்சமாகும் ஒரு நாளை நாம் ஒவ்வொருவரும் கவுன்ட்டரில் கட்டுகிறோம், வட்டியோடு.

எதிர்காலத்துக்கு இடம் விடுவது தப்பில்லை. உங்கள் செக் புத்தகத்திலுள்ள ஐஎஃப்எஸ்சி குறியீட்டைப் பாருங்கள். பதினோரு இடங்கள். முதல் நாலு வங்கி, கடைசி ஆறு கிளை, நடுவில் ஐந்தாவது இடம் பூஜ்யம். அந்தப் பூஜ்யம் பிற்காலத் தேவைக்கென்று ஒதுக்கியது. எதிர்காலத்துக்கு இடம் விடுவதென்றால் இப்படி, இடத்தைக் குறித்து, வேலி போட்டு விடவேண்டும். கதவையே கழற்றிப் போட்டுவிட்டு 'வருங்காலத்துக்கு வசதி' என்று சொல்லக்கூடாது.

'அந்த மொழிகளே அப்படித்தான் சார்'

மூன்றாவது எதிர்வாதம், 'உலகமே பைதானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் ஓடுகிறது, நீங்கள் எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள்?'

அய்யா, அந்த மொழிக்காரர்களே எந்தப் பக்கம் நடந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பைதானில் 2001-லேயே 'ஸ்லாட்ஸ்' என்று ஒன்று வந்துவிட்டது. இந்த ஆப்ஜெக்டில் இந்த இந்தக் கட்டங்கள்தான் என்று எழுதிவைத்துவிட்டால் 'நாமினீ' என்று எழுதப்போனால் பிழை காட்டும். 2018-ல் 'டேட்டாகிளாஸ்' வந்தது, கட்டங்களை வரிசையாக அறிவிப்பதைச் சுலபமாக்குவதற்கென்றே. ஜாவாஸ்கிரிப்டில் 2009-ல் ஆப்ஜெக்டை 'சீல்' வைக்கும் வசதி வந்தது. அரக்கு சீல் மாதிரிதான், அதற்குமேல் புதுக் கட்டம் சேர்க்கமுடியாது. 2012-ல் மைக்ரோசாஃப்ட் டைப்ஸ்கிரிப்ட் கொண்டுவந்தது. இன்று பெரிய வேலைகளில் பலர் அதில்தான் எழுதுகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் பிஹெச்பி. கண்டபடி எழுத விடும் மொழி என்று கேலி வாங்கிய மொழி. 2022 டிசம்பரில் வந்த 8.2 பதிப்பில் அவர்களே டைனமிக் பிராப்பர்ட்டியைக் கைவிடவேண்டிய பழக்கம் என்று அறிவித்து, பயன்படுத்தினால் எச்சரிக்கை காட்ட ஆரம்பித்துவிட்டார்கள். கட்டாயம் வேண்டும் என்கிறவர்கள் கிளாஸின் தலையில் 'இங்கே டைனமிக் பிராப்பர்ட்டி அனுமதி' என்று வெளிப்படையாக ஒரு முத்திரை குத்தவேண்டும். எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்தது. தடை போடவில்லை. ஆனால் 'தெரிந்துதான் செய்கிறேன்' என்று கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள்.

ஸ்விஃப்ட் சொன்ன பாடம்

துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகள் அனுப்பும் பணம் ஸ்விஃப்ட் வழியாக வருவது உங்களுக்குத் தெரியும். அதில் எம்டி103 என்று ஒரு செய்தி வகை. அனுப்புபவர், பெறுபவர் பெயர் முகவரிக்கு 35 எழுத்தாக நாலு வரி கொடுப்பார்கள். நாலு வரியில் எது பெயர், எது தெரு, எது ஊர், எது நாடு என்பது பெரும்பாலும் எழுதியவர் கையில். ஏறக்குறைய ரிமார்க்ஸ் காலம்தான்.

மனிதர் படித்த காலத்தில் பிரச்னை இல்லை. தடைப்பட்டியலோடு ஒப்பிடும் வேலையைக் கம்ப்யூட்டர் செய்ய ஆரம்பித்ததும் வந்தது வினை. தெருப் பெயரில் ஏதோ ஒரு நாட்டின் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தால் அதற்கு அது தெருவா நாடா என்று தெரியாது. பணத்தை நிறுத்திவைத்துவிடும். பிறகு ஓர் ஆள் உட்கார்ந்து பார்த்து விடுவிக்கவேண்டும். இங்கே ஒரு வீட்டில் ஸ்கூல் ஃபீஸ் காத்துக்கொண்டிருக்கும்.

இப்போது உலகம் ஐஎஸ்ஓ 20022-க்கு மாறியிருக்கிறது. 2023 மார்ச்சில் ஆரம்பித்து, பழையதும் புதியதும் சேர்ந்து ஓடிய காலம் 2025 நவம்பர் 22-ஓடு முடிந்தது. இதில் ஊருக்குத் தனிக் கட்டம், நாட்டுக்குத் தனிக் கட்டம். முடிவெடுக்கப் பயன்படுவது எல்லாம் பெயர் வைத்த கட்டத்துக்கு வந்துவிட்டது. கவனியுங்கள், மொத்தமாக இறுக்கிப் பூட்டியும் விடவில்லை. 'சப்ளிமென்டரி டேட்டா' என்று ஓர் உறை வைத்திருக்கிறார்கள். கூடுதலாக ஏதாவது சுமக்கவேண்டுமென்றால் அதில் போடு, மற்ற கட்டங்களைத் தொடாதே. நான் மேலே சொன்ன விதி இதுதான். உலகத்து வங்கிகள் எல்லாம் சேர்ந்து பல ஆண்டுகள் பாடுபட்டு வந்து நின்ற இடம்.

கதவைத் திறந்து வைத்தால் யார் வருவார்?

இன்னொரு ஆபத்து. வெளியிலிருந்து வரும் பெயர்களையெல்லாம் அப்படியே ஆப்ஜெக்டின் பிராப்பர்ட்டியாக ஏற்றிவிடும் பழக்கம். 'நாலு வரியில் வேலை முடிந்தது சார்' என்பார்கள். வாடிக்கையாளர் கொடுத்த சலானில் அவரே 'கடன் அனுமதி: ஆம்' என்று ஒரு வரி சேர்த்து எழுதியிருந்தால் நான் அதையும் லெட்ஜரில் ஏற்றினால் எப்படி இருக்கும்?

நடந்திருக்கிறது. 2012 மார்ச்சில் யெகோர் ஹோமகோவ் என்ற ரஷ்ய இளைஞர் கிட்ஹப் தளத்தில், படிவத்தில் கேட்காத ஒரு விவரத்தைத் தானே சேர்த்து அனுப்பினார். ரெயில்ஸ் என்ற மென்பொருள் வந்ததையெல்லாம் ஏற்றிக்கொண்டது. அந்த ரெயில்ஸ் திட்டத்தின் கோப்புகளிலேயே எழுதும் உரிமை அவர் கைக்கு வந்துவிட்டது. திருடவில்லை, ஓட்டையைக் காட்டத்தான் செய்தார். அடுத்த பெரிய பதிப்பில், எந்த எந்தப் பெயர்களை உள்ளே விடலாம் என்று பட்டியல் போட்டே தீரவேண்டும் என்று ரெயில்ஸ்காரர்கள் மாற்றினார்கள். பட்டியல் போடு என்றுதானே நானும் கத்திக்கொண்டிருக்கிறேன்?

எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு குட்டு

இதைப் படித்துவிட்டு 'அப்படிச் சொல்லுங்க சார், எல்லாவற்றையும் பூட்டவேண்டும்' என்று கை தட்டும் கோஷ்டியும் உண்டு. அவர்களுக்கும் இருக்கிறது.

எல்லாவற்றையும் பூட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு, பின்னால் தேவைப்படுமே என்று 'கூடுதல்1, கூடுதல்2' என்று பத்துக் கட்டம் அச்சடித்து வைப்பார்கள். பெயர்தான் கட்டம், உள்ளே நடப்பது கிறுக்கல்தான். ஒரு கிளையில் கூடுதல்3 என்றால் பக்கத்து வீட்டு போன் நம்பர். இன்னொரு கிளையில் ரேஷன் கார்டு நம்பர். டைனமிக் பிராப்பர்ட்டியிலாவது பெயர் என்று ஒன்று இருக்கும். இதில் அதுவும் இல்லை.

அடுத்தது, நம்மவர்கள் எல்லோருக்கும் நேரடியாகத் தெரிந்த கொடுமை: குடும்பப் பெயர். மகாராஷ்டிரத்தில் எந்தப் படிவத்தை எடுத்தாலும் மூன்று கட்டம். ஆட்நாவ், பெயர், அப்பா அல்லது கணவர் பெயர். ஆட்நாவ் கட்டாயம். நமக்கு ஏது ஆட்நாவ்? தாத்தா சுப்பையா, அப்பா முருகன், மகள் கவிதா என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் பான் கார்டில் குடும்பப் பெயர் சுப்பையா. பான் எண்ணின் ஐந்தாவது எழுத்து குடும்பப் பெயரின் முதலெழுத்து என்பதால் அங்கே 'எஸ்' உட்கார்ந்துவிடும். மகளின் பள்ளிச் சான்றிதழில் குடும்பப் பெயர் முருகன். கம்ப்யூட்டர் கணக்குப்படி அப்பாவும் மகளும் வேறு வேறு குடும்பம். சிலர் அந்தக் கட்டத்தில் புள்ளி வைக்கிறார்கள். சிலர் ஒரே பெயரை இரண்டு தடவை எழுதுகிறார்கள். கேஒய்சி புதுப்பிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரமாணப் பத்திரம்.

'இதற்குத்தான் டைனமிக் வேண்டும் என்கிறோம்' என்று மறுபடி அந்தப் பக்கம் குரல் வரும். வேண்டாம்! திறந்துவிட்டால் ஒருவர் 'இனிஷியல்' என்று சேர்ப்பார், ஒருவர் 'தலைப்பெழுத்து' என்பார், ஒருவர் 'அப்பா பெயர்' என்பார். நூறு பேரின் கணக்கில் நூறு விதம். ஒன்றோடொன்று எப்போது பொருந்துவது?

இங்கே இரண்டு கோஷ்டியும் குழப்பிக்கொள்வது ஒரே விஷயத்தைத்தான். கட்டம் அச்சடிப்பது வேறு, அதைக் கட்டாயமாக்குவது வேறு. ஆவணத்தில் உள்ளபடி முழுப்பெயர் என்று ஒரே கட்டம், கட்டாயம். அப்பா பெயர் தனிக் கட்டம். குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம், 'இல்லை' என்பதும் அதில் செல்லுபடியாகும் பதில். பாஸ்போர்ட் படிவத்தில் குடும்பப் பெயரைக் காலியாக விட வழி இருக்கிறதே, அதே மாதிரி. கிளாஸ் தப்பு என்றால் கிளாஸைத் திருத்துங்கள். கிளாஸே வேண்டாம் என்று ஓடாதீர்கள்.

அப்படியானால் எப்போதுதான் பயன்படுத்துவது?

நியாயமான கேள்வி. நான் ஒப்புக்கொள்ளும் இடங்கள் இவை:

1. பெயர்கள் உங்கள் கையில் இல்லாதபோது. பத்து இடங்களிலிருந்து பத்து விதத் தலைப்போடு வரும் பட்டியல்களைப் படித்துத் திரையில் காட்டும் புரோகிராம். என்ன தலைப்பு வரும் என்று எழுதும்போது உங்களுக்குத் தெரியாது. தெரியாததை எப்படி அச்சடிப்பது?

2. பெயர்களுக்கு வேறோர் இடத்தில் அதிகாரபூர்வப் பட்டியல் இருக்கும்போது. டேட்டாபேஸ் அட்டவணையின் தலைப்புகளைப் படித்து அதற்கேற்ப ஆப்ஜெக்ட் உருவாக்கும் கருவிகள் இருக்கின்றன. அங்கே அட்டவணைதான் அச்சடித்த படிவம், ஆப்ஜெக்ட் அதன் ஜெராக்ஸ்.

3. ஒருநாள் வேலை. மார்ச் 31 ராத்திரி ஒரு பட்டியலைச் சரிபார்த்துவிட்டுக் காலையில் தூக்கிப்போடும் இருபது வரிப் புரோகிராம். அதற்குப் போய் கிளாஸ், கட்டம் என்று பஞ்சாங்கம் பார்க்கவேண்டாம்.

4. வாடிக்கையாளரே தன் வசதிக்குச் சேர்த்துக்கொள்ளும் குறிப்புகள். 'பெரியவள் கல்யாணத்துக்கு' என்று ஒரு டெபாசிட்டுக்குப் பெயர் வைத்துக்கொள்வது போல. அதைப் பார்த்து வங்கி எந்த முடிவும் எடுப்பதில்லை.

இவற்றில் மூன்றாவதைத் தவிர மற்ற இடங்களிலும் ஆப்ஜெக்டின் மேலேயே ஒட்டாதீர்கள். 'குறிப்புகள்' என்று ஒரே ஒரு கட்டம் அச்சடித்து, அதற்குள் ஒரு டிக்‌ஷனரி வையுங்கள், ஜாவாஸ்கிரிப்ட் என்றால் ஒரு மேப். வருகிறதெல்லாம் அந்தப் பைக்குள் போகட்டும். உங்கள் 'நாமினி' ஒரு பக்கம், வெளியிலிருந்து வந்த 'நாமினீ' பைக்குள். இரண்டும் ஒன்றையொன்று மோதாது. படிக்கிறவருக்கும் எது உறுதி, எது கிறுக்கல் என்று பார்த்ததும் தெரியும்.

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம். பைக்குள் இருக்கும் ஒன்றைப் பார்த்து உங்கள் புரோகிராம் 'இது இருந்தால் இப்படிச் செய்' என்று ஒரு வரி எழுதுகிறதா? அந்த நிமிடமே அதைப் பையிலிருந்து எடுத்து அச்சடித்த கட்டத்துக்கு மாற்றுங்கள். ரிமார்க்ஸ் காலத்தில் எல்லோரும் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள் என்றால், லெட்ஜரில் ஒரு காலம் குறைகிறது என்று அர்த்தம்.

ஒரு மென்பொருள் செயல்விளக்கத்தில், எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், துறுதுறுவென்று ஒரு நம்மூர்ப் பையன், 'சார், எந்த ஃபீல்டு வேணும்னாலும் கிளையே சேர்த்துக்கலாம்' என்றான். 'சரிப்பா, ஒரு கிளை பிறந்த தேதின்னு சேர்க்கும், இன்னொரு கிளை ஜனன தேதின்னு சேர்க்கும். சீனியர் சிட்டிசன் வட்டி எதைப் பார்த்துப் போடும்?' என்று கேட்டேன். 'அதை நீங்க கிளைகளுக்கு ஒரு சர்க்குலர் அனுப்பிடணும் சார்' என்றான். அதாவது, கிளாஸில் ஒரே ஒரு வரியில் அவன் எழுதவேண்டியதை, ஆயிரம் குமாஸ்தாக்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவேண்டுமாம். அவர்கள் மறந்தால் வட்டி குறைவது அவனுக்கு அல்ல, ஏதோ ஒரு தாத்தாவுக்கு.

ஆகவே பெற்றோர்களே, அடுத்த முறை பிள்ளை போனில் பேசும்போது, சாப்பிட்டாயா என்று கேட்டபிறகு, 'நீ எழுதுற கிளாஸ்ல எல்லாத்துக்கும் கட்டம் போட்டிருக்கியா?' என்றும் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்.

டிஸ்கி: இங்கே சொன்னதெல்லாம் என் சொந்தக் கருத்து. எனக்குச் சம்பளம் கொடுக்கும் வங்கிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் இந்த வாரமே உங்கள் கிளைக்குப் போய், கணக்கிலும் டெபாசிட்டிலும் நாமினி பெயர் சரியாகப் பதிவாகியிருக்கிறதா, எழுத்துப்பிழை இருக்கிறதா என்று திரையில் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வாருங்கள். பாஸ்புக்கிலோ ரசீதிலோ அச்சடித்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.